கோழிப் பேனும் சிற்றுண்ணியும்: இயற்கை முறையில் ஒழித்தல்

நெல்லியடிப் பகுதிக் கமக்காரர் வீட்டு வளவில் வளர்க்கும் ஊர்க்கோழிகள் முட்டையும் தோட்டத்துக்கு எருவும் தருவன. நன்றாகத் தீனி தின்றும் கோழி மெலிந்து, கொண்டை வெளிறி, முட்டை குறையுமாயின், அதன் இறகையும் கூட்டையும் சோதித்தல் வேண்டும். பேனா, சிற்றுண்ணியா என்று அறியாது செய்யும் வைத்தியம் பெரும்பாலும் வீணாகும்.

வேறுபாடு

பேன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடலிலேயே கழிக்கும். மலவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால், வைக்கோல் நிறப் பேன்கள் ஓடுவதையும் இறகடியில் ஈர்கள் கொத்தாக ஒட்டியிருப்பதையும் காணலாம்.

செந்நிறச் சிற்றுண்ணியோ பகலில் கூட்டின் வெடிப்புகளிற் பதுங்கி, இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும். ஆகவே, பகலில் கோழியை மட்டும் பார்ப்பவர் அதனைக் காணார். இரவில் விளக்குடன் சென்று, கோழி தங்கும் தடியின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்க. சிவப்புக் கறை படிந்தால் சிற்றுண்ணி உண்டென்பது உறுதி. மாலையிற் கோழிகள் கூட்டுக்குள் புக மறுப்பதும் ஓர் அறிகுறியாகும். வெப்ப காலத்தில் இது ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடையும். உணவின்றியும் பல மாதங்கள் உயிர்தரிக்கும். ஆதலால் கூட்டைச் சில வாரம் வெறுமையாக விடுவதால் இது ஒழியாது.

கோழியின் உடலிலேயே தங்கும் சிற்றுண்ணி வகையும் உண்டு. மலவாய்ப்புற இறகுகள் அழுக்கேறியதுபோற் கறுத்திருத்தல் அதன் அடையாளம்.

செய்ய வேண்டியவை

1. காலையிற் கோழிகளை வெளியேற்றியபின், கூட்டிலுள்ள பழைய வைக்கோலை அகற்றி எரித்துவிடுக. பனஞ்சிலாகைகளின் இடுக்குகளிலும் தடிகளின் பொருத்துகளிலும் கொதிநீர் ஊற்றுக.

2. கூடு உலர்ந்தபின், ஒரு லீற்றர் நீரில் 20 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, வெடிப்புகளிலும் தடிகளிலும் தெளிக்க. கோழிகள் அடையுமுன் கூடு நன்கு உலர வேண்டும்.

3. சலித்த விறகுச் சாம்பலையும் உலர்ந்த மணலையும் சம அளவிற் கலந்து, ஓர் அகன்ற பெட்டியில் இட்டு வைக்க. கோழிகள் அதிற் புரண்டு பேனை உதிர்க்கும். நனைந்த சாம்பல் தோலை அரிக்குமாதலால், மாரி காலத்திற் பெட்டியைத் தாழ்வாரத்தின் கீழ் வைத்தல் அவசியம்.

4. ஒருமுறை செய்து நிறுத்தலாகாது. தப்பிய முட்டைகள் பொரித்துப் புதிய பூச்சிகள் தோன்றும். எனவே 7ஆம் நாளும் 14ஆம் நாளும் கூட்டுவேலையை மீண்டும் செய்க.

5. அடைவைக்குமுன் கோழியைச் சோதித்து, புது வைக்கோல் இடுக. உண்ணி மிகுந்தால் அடைக்கோழி முட்டைகளை விட்டெழுந்துவிடும். குஞ்சுகள் இரத்தமிழந்து இறத்தலும் கூடும்.

செய்யத் தகாதவை

மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தெளிக்கும் பூச்சிகொல்லியைக் கோழிமீது தெளித்தலாகாது. அந்நஞ்சு முட்டையிலும் இறைச்சியிலும் சேர்ந்து, அவற்றை உண்ணும் பிள்ளைகளையும் அடையலாம். புகையிலைச் சாறு இயற்கையானதேயாயினும், அதிலுள்ள நிக்கொற்றின் தோல்வழியே உடலிற் புகும் கொடிய நஞ்சாகும்; அதனைக் கோழிக்குப் பூசுதலும் தகாது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

மூன்று முறை செய்தும் குறையாவிடின், அண்மையிலுள்ள கால்நடை வைத்தியரை நாடுக. வாரம் ஒருமுறை கூட்டைச் சோதிக்கும் கமக்காரருக்கு அந்நிலை அரிதாகவே நேரும்.