காதுக்குள் இரைச்சல், கணக்கில் பிழை



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். ஒரு உறுப்பினர் கட்டிய 300 ரூபாய், பேரேட்டில் வேறொருவர் பெயரில் ஏறியிருந்தது. போன மாதமும் இதே மாதிரி நடந்திருக்கிறது. "பணத்தை என்ன பண்ணுனீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். பல வருடமாகக் கணக்கு எழுதும் ஊக்குநர் அக்கா அழுதுவிட்டார். பாஸ் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தோம். மொத்தத் தொகை சரியாக இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது.

பிறகு அந்த அக்கா தனியாகச் சொன்னார்: "காதுக்குள்ள ராவும் பகலும் ஙொய்யினு சத்தம் மேடம். கூட்டிக்கிட்டே வருவேன், பாதியில விட்டுப்போகும். மூளை கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு."

மூளை கெட்டுப்போகவில்லை. என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரைச்சல் எப்படி வருகிறது?

அந்த அக்கா பல வருடம் விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தவர். தினமும் பெரிய சத்தம் கேட்டால் உள்காதில் உள்ள நுண்ணிய முடி போன்ற செல்கள் அழிந்துபோகும். அவை திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் ஒலி குறைந்ததும் மூளை அதை ஈடுகட்டப் பார்க்கிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தானே வரும், அதுபோலத்தான் என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். வயது, காது அழுக்கு, சீழ், சில மருந்துகளாலும் வரலாம்.

இது பேய் பிடித்ததோ பைத்தியமோ இல்லை. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 100-க்கு 94 பேர் ஏதோ ஒரு ஒலி கேட்டதாகச் சொன்னார்கள்!

கணக்கு ஏன் தப்புகிறது?

கூட்டல் போடும்போது மீதியை மனதில் நிறுத்துகிறோம். அந்த இடம் சின்னது. "இந்தச் சத்தம் என்னமோ, ஏதோ" என்ற பயம் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால் எண்கள் நழுவிவிடும். பயந்தால் மூளை அந்தச் சத்தத்தையே உற்றுக் கேட்கும். இரவில் தூக்கம் போகும். மறுநாள் கவனம் இன்னும் குறையும், தப்பு கூடும், பயமும் கூடும். வட்டிக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான்.

சத்தம் எவ்வளவு பெரிது என்பதை மட்டும் வைத்து வேதனை அமைவதில்லை. சின்னச் சத்தத்திலேயே ஒருவர் தவிப்பார், பெரிய சத்தத்தோடு இன்னொருவர் நிம்மதியாக இருப்பார். ஆகவே சத்தம் முழுதும் போகாவிட்டாலும் வேதனையைக் குறைக்க முடியும்.

என்ன செய்யலாம்?

* அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காது மந்தம் இருந்தால் காது கருவி உதவும்.
* திடீரென்று காது கேட்காமல் போனாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ உடனே போங்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடி துடிப்பது போன்ற சத்தம், தலைசுற்றல் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.
* எண்ணெய் ஊற்றுவது, ஊக்கு, தீக்குச்சி விடுவது வேண்டாம்.
* படுக்கும்போது மின்விசிறியோ, மெதுவாக ரேடியோவோ ஓடட்டும். முழு அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகத் தெரியும்.
* இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இதுவரை இல்லை. யாராவது விற்றால் ஏமாறாதீர்கள். பயத்தையும் நினைப்பையும் மாற்றும் மனநல ஆலோசனை பலன் தருகிறது. மனம் தாங்காதபோது 14416 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.
* தறியில் வேலை செய்பவர்கள் காதடைப்பான் போடுங்கள். பஞ்சு மட்டும் போதாது.

குழு என்ன செய்தது?

அக்காவை மாற்றவில்லை. கூட்டம் தொடங்கியதும், பேச்சு சத்தம் இல்லாத நேரத்தில் பிரதிநிதி ஒருவர் பெயரையும் தொகையையும் வாசிக்கிறார், அக்கா எழுதித் திரும்ப வாசிக்கிறார். சந்தேகப்பட்ட உறுப்பினரே மருத்துவமனைக்குத் துணையாகப் போய் வந்தார்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் உரக்கப் படியுங்கள். "யாருக்காவது காதில் இரைச்சல் இருக்கா?" என்று கேளுங்கள். சொல்லாமல் தவிப்பவர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.