பாட்டு எங்கே தங்கியிருக்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், பிறகு பல மணி நேரம் நகராமல் நின்றுவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. சில மணி நேரத்தில் செல்பேசிக் கோபுரமும் ஓய்ந்தது. கோடிக்கணக்கான பாடல்களைக் கொண்டுவந்து தரும் கைப்பேசி வெறும் கைவிளக்காகிவிட்டது.

மறுநாள் மாலை தெருக்கோடி வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கேட்டது! அங்கே இருக்கும் பெரியவர் ஒரு காலத்தில் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். சாவி கொடுத்தால் சுற்றும் பழைய கிராமபோன் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். "கரண்டும் வேணாம், டவரும் வேணாம் வாத்தியாரே, கையில தெம்பு இருந்தாப் போதும்" என்றார். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தரையில் வைத்திருந்த இரண்டு பெட்டி இசைத்தட்டுகள் வெள்ளத்தில் ஊறிப்போயிருந்தன.

பாட்டைத் தட்டாக வீட்டில் வைத்துக்கொள்வதா, இணையத்தை நம்பியிருப்பதா? இந்த வழக்கைப் பெரும்பாலோர் ஒலிநயத்தைக் கொண்டே பேசுகிறார்கள். எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது. இவை ஒவ்வொன்றும் எப்படிக் கெட்டுப்போகின்றன?

பெரியவரின் தட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இத்தட்டுகள் அரக்கும் கற்பொடியும் கலந்து அச்சில் அழுத்திச் செய்யப்பட்டவை. விட்டம் 25 சென்டிமீட்டர். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 1.3 சுற்று, விளிம்பின் சுற்றளவு சுமார் 78 சென்டிமீட்டர், ஆகவே விளிம்பருகே ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்கு 1000 அதிர்வுகள் கொண்ட ஒலி அந்தப் பள்ளத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள நெளிவாக நிற்கும். உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் பாட்டைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்! கீறல் விழுந்தால் 'டிக்' என்ற சத்தம் கேட்கும், பாட்டு தொடரும். எஃகு ஊசி உராய உராயப் பள்ளம் தேய்ந்து, உச்ச ஒலிகள் மழுங்கும், குரல் நிற்கும். அரக்குத் தட்டு படிப்படியாகத்தான் கெடுகிறது. கைதவறி விழுந்தால் மட்டும் அப்பளம்தான்.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் கதை வேறு. இதில் பாட்டு நெளிவாக இல்லை, எண்ணாக இருக்கிறது. ஒலியின் அளவை விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். நம் செவிக்கு எட்டும் மேல் எல்லை சுமார் 20,000 அதிர்வு. அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலியைப் பிழையின்றி மீட்க முடியும். இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியாத குழிகளாக, 1.6 மைக்ரான் இடைவெளியில் சுருண்டு செல்லும் ஒரே வரியில் பதிகின்றன. அந்த வரியைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். விழுப்புரம் ரயிலடியிலிருந்து திண்டிவனம் ரயிலடி வரை சுமார் 37 கிலோமீட்டர். ஏழு குறுந்தகடுகள் இருந்தால் எட்டிவிடும்.

இவ்வளவு நுண்ணிய எழுத்தில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? தேர்வு அறையில் ஒரே துறை மாணவர்களை நாங்கள் அடுத்தடுத்து உட்கார வைப்பதில்லை. கூரை ஒழுகி ஒரு வரிசையையே எழுப்பிவிட்டால், ஒவ்வொரு துறையிலும் ஒருவர் இருவரே எழும்புவர். குறுந்தகட்டிலும் அப்படியே. அடுத்தடுத்த எண்களைத் தள்ளித் தள்ளி எழுதி, சரிபார்க்கும் எண்களையும் கூடவே சேர்த்துவிடுகிறார்கள். வரியின் போக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் கருவி அதைக் கணக்கிட்டு முழுமையாக நிரப்பிவிடும். எனவே துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். அப்போது விழும் கீறல் வரியைக் குறுக்கே வெட்டும். அதன் போக்கிலேயே நீளாது.

ஆனால் திருத்தும் எல்லை தாண்டிவிட்டால் பாட்டு திக்கும், தாவும், நின்றுவிடும். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று அடியோடு போயிற்று என்பது இதனால்தான். இன்னொன்று: பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்து, படம் அச்சிட்ட பக்கத்தைத் தரையில் தேய்ப்பவர்கள் பலர். உண்மையில் ஒளியைத் திருப்பும் மெல்லிய அலுமினியப் பூச்சு படத்துக்கு அடியிலேயே இருக்கிறது. பளபளக்கும் பக்கத்திலோ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் காவல் உண்டு.

கடைகளில் நாம் பாட்டுப் பதிந்து வாங்கிய தட்டுகள் இன்னும் மோசம். அவற்றில் குழி கிடையாது; லேசர் பட்டு நிறம் மாறிய சாயமே எழுத்து. வெயில் படப்பட அது வெளுக்கும். என் தந்தை ஆசையாகப் பதிந்து வாங்கிய தட்டொன்று சன்னல் ஓரத்தில் கிடந்தே ஊமையாயிற்று.

இணையத்துக்கு வருவோம். அங்கே பாட்டு எங்கோ ஒரு சர்வரில், பெரும்பாலும் பல ஊர்களில் பல நகல்களாக இருக்கிறது. ஒரு வெள்ளம் அதை அழிக்காது. இந்த வகையில் அது நம் வீட்டுப் பெட்டியைவிடப் பாதுகாப்பானதே. ஆனால் அது நம்முடையது அன்று. பெரியவரிடம் ஊரார் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்ததுபோல, நாம் கேட்கும் உரிமையை மாத வாடகைக்கு எடுக்கிறோம். ரெஸ்ஸோ என்ற செயலி 2024 சனவரி 31-இல் இந்தியாவில் நின்றது. விங்க் மியூசிக்கும் அதே ஆண்டில் மூடப்பட்டது. பலர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்த பட்டியல்கள் அவற்றில் இருந்தன. இத்தகைய செயலிகளில் 'இறக்கி' வைத்த பாட்டும் பொதுவாகப் பூட்டுப் போட்டே வரும். சாவி செயலியின் கையில்.

எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தார். திரைப்படத்தில் நடிக்காதவர். அவர் குரலை இன்று இணையத்தில் கேட்க முடிகிறதென்றால், அந்த அரக்குத் தட்டுகளில் சில உடையாமல் மிஞ்சியதே காரணம். மிஞ்சாதவர்களின் குரலை எந்தச் சர்வரிலும் தேடிப் பயனில்லை.

ஆகவே பெரியவரும் நானும் தட்டுகளைக் கழுவினோம். நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் செங்குத்தாக நிறுத்தினோம். "ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சிடலாமா?" என்றார். கூடவே கூடாது! மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சரைக் கேளுங்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று சொல்வார். கிடைமட்டமாக அடுக்குவதும் தவறு. நம்மூர் வெயிலில் தட்டு வளைந்துவிடும்.

ஏழு தட்டுகளில் பெயர்ச்சீட்டு கரைந்து போயிருந்தது. மின்சாரம் வந்தபின் ஒவ்வொன்றாகப் போட்டுக் கணினியில் பதிந்தோம். ஆறு பேரின் பெயரைப் பெரியவர் இரண்டு வரி கேட்ட உடனே சொல்லிவிட்டார். ஏழாவது ஒரு பெண் குரல். "கேட்ட குரல்தான் தம்பி, பேரு வரமாட்டேங்குது" என்று தலையை ஆட்டினார். அந்தப் பதிவின் ஒரு நகலை விழுப்புரத்தில் என் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். தட்டு பெரியவர் வீட்டுப் பரண்மேல் ஏறிவிட்டது.