‘உடனே’ என்பது ‘பிறகு’ ஆன கதை



சென்ற தவணையில் மாணவி ஒருத்தி, தன் ஆங்கிலப் பாடசாலையில் கற்கும் ஷேக்ஸ்பியர் நாடகத்தைக் கொண்டுவந்து, “சேர், இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?” எனக் கேட்டாள். அச்சொல் ‘அனொன்’. ‘உடனே’ என்று சொல்வதா, ‘சற்றுப் பின்னர்’ என்று சொல்வதா எனத் தயங்கினேன். ஏனெனில் இரண்டும் சரியானவை. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு பொருள்களை ஒரே சொல் எவ்வாறு பெற்றது? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘அனொன்’ என்பது காலங்காட்டும் ஒரு வினையடை. இன்று பேச்சு வழக்கில் மிக அருகிவிட்டது. விடைபெறும்போது சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெயர் அறியப்படாதவரைக் குறிக்கும் ‘அனொனிமஸ்’ என்பதன் சுருக்கமும் இவ்வாறே எழுதப்படினும், அது கிரேக்க மூலத்தையுடைய வேறொரு சொல். நாம் கூறுவதோ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஒன் ஆன்’ என இரு சொற்களாக நின்றது. ‘ஆன்’ என்பதன் பொருள் ‘ஒன்று’. ஒன்றாக, ஒரே தொடர்ச்சியாக என்னும் கருத்திலிருந்து, ‘இடையீடின்றி’, ‘உடனே’ என்னும் பொருள் பிறந்தது. நாம் ‘ஒரே மூச்சில்’ என்கிறோமல்லவா? அதனோடு இதனை ஒப்பிடலாம்.

1400ஆம் ஆண்டில் மறைந்த கவிஞர் சோசர், தம் ‘கன்ரர்பரிக் கதை’களில் இச்சொல்லை ‘உடனே’ என்னும் பொருளில் பலகாலும் ஆண்டுள்ளார். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும், விதைப்பவன் உவமையில், இறைவார்த்தையைக் கேட்டவுடன் மகிழ்ச்சியோடு ஏற்பவனைக் குறிக்குமிடத்தில் இச்சொல் இப்பொருளிலேயே வருகின்றது.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1590களில் எழுந்த ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் முதற் பாகத்தில் ஒரு வேடிக்கைக் காட்சி உண்டு. மதுக்கடையில் பணிபுரியும் பிரான்சிஸ் என்னும் சிறுவனை இளவரசன் பேச்சில் நிறுத்திவைக்க, அவன் தோழன் அடுத்த அறையிலிருந்து ஓயாது அழைக்கின்றான். சிறுவனோ ‘அனொன், அனொன்’ என்று விடையிறுத்தபடியே நிற்கின்றான்; போகவில்லை! வாய் ‘உடனே’ என்கின்றது, கால் அசையவில்லை. சொல்லின் பொருள் நழுவுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

இவ்வாறு நழுவியது இச்சொல் மட்டுமன்று. ‘சூன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றே பொருள்பட்டது. ‘பிறெசென்ற்லி’ என்பதும் ஒரு காலத்தில் ‘இக்கணமே’ என்றிருந்தது. ‘பை அன்ட் பை’ என்பதும் அவ்வாறே. 1611ஆம் ஆண்டு விவிலியத்தில், ஏரோதின் முன் நடனமாடிய பெண் யோவானின் தலையை ‘பை அன்ட் பை’ தரும்படி கேட்கின்றாள். இன்றைய வாசகர் அதனைப் ‘பிறகு’ என்று கொள்வர். அவள் கேட்டதோ ‘இப்பொழுதே’ என்று.

காரணம் யாது? மனித இயல்பே. ‘உடனே’ என்று வாக்களிக்கின்றோம், தாமதிக்கின்றோம். கேட்பவர் அச்சொல்லைத் தாமதத்தோடு சேர்த்தே விளங்கிக்கொள்கின்றார். அப்போது, உண்மையாகவே ‘உடனே’ என்று சொல்லப் புதிய சொல் தேவைப்படுகின்றது. ஆங்கிலத்தில் ‘அற் வன்ஸ்’ அவ்விடத்தைப் பிடித்தது. அதற்குள்ளும் ‘ஒன்று’ என்னும் கருத்தே இருக்கின்றது!

நம் வீடுகளை நோக்குவோம். அம்மா சாப்பிட அழைக்கையில், “இந்தா வாறன்” என்று கூறிவிட்டுத் தொலைக்காட்சியின் முன்னே எத்தனை நிமிடம் இருக்கின்றீர்கள்? பிரான்சிஸைப் பார்த்து நாம் சிரிக்கலாகாது.

நானும் சிரிக்கத் தகுதியற்றவன். ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில், விறாந்தையில் நின்ற என் தாயாரிடம், “கெதியாய் வந்திடுவன் அம்மா” என்றேன். அது பொய்யன்று, சில மாதங்கள் என்றே நம்பினேன். ஆண்டுகள் பல சென்றன. இன்றும் தொலைபேசியில், “எப்ப தம்பி வருவாய்?” என்று கேட்கின்றார். நானும் “கெதியாய்” என்றே கூறுகின்றேன். அச்சொல்லுக்கு அவர் இப்போது என்ன பொருள் கொள்கின்றாரோ, கேட்க எனக்குத் துணிவில்லை.

தமிழில் ‘இப்பொழுது’ என்பதோடு ஏகாரம் சேர்த்து ‘இப்பொழுதே’ என்கின்றோம். இலக்கண நூலார் இதனைத் தேற்ற ஏகாரம் என்பர்; தேற்றமாவது உறுதி. ஆயின், அவ்வுறுதியைத் தரும் ஆற்றல் எழுத்துக்கு மட்டும் இல்லை. சொல்லுகின்றவரின் செயலே அதனைத் தரவேண்டும்.

ஆகவே, மாணவர்களே, பழைய நூலில் ‘அனொன்’ வருமிடத்து, எக்காலத்து நூல், யார் கூற்று என்பவற்றை நோக்கிப் பொருள் கொள்ளுங்கள். அம்மம்மாவுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தால், இன்றே எழுதுங்கள். இவ்வறிவுரை ஆசிரியருக்கும் உரியது.