ரெண்டாவது பேஸ் கிட்டார்: இ.எம்.ஐ. பட்டனைத் தட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



"ப்ரோ, கையில வர்ற சம்பளம் 38,000. ரெண்டு வருஷமா பேஸ் வாசிக்கிறேன். 60,000 ரூபாய்க்கு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு. வாங்கலாமா?"

இந்தக் கேள்விக்கு "ஆசையை அடக்கு, எஸ்.ஐ.பி. போடு"ன்னு பதில் சொல்றது ரொம்ப ஈஸி. நான் அப்படிச் சொல்லப் போறதில்லை. இளையராஜா பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸைத் தனியா கவனிச்சுக் கேட்டு, அதை விரல்ல கொண்டுவர ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு அது வீண் செலவு இல்லை. ஆனா எதை வாங்கறோம், எந்தப் பணத்துல வாங்கறோம்ங்கிற ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல பழைய பேஸுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்க

"என் பேஸ் சரியில்லை"ன்னு தோணுறதுக்குப் பாதி நேரம் காரணம் செட்டப்தான். ரெண்டு வருஷமா மாத்தாத ஸ்ட்ரிங், கொஞ்சம் வளைஞ்ச நெக், ரொம்ப உயரமா நிக்கிற ஸ்ட்ரிங். நல்ல டெக்னீஷியன் கிட்ட கொடுத்து ட்ரஸ் ராட், ஸ்ட்ரிங் உயரம், இன்டொனேஷன் மூணையும் சரி பண்ணி, புது ஸ்ட்ரிங் போடுங்க. சில ஆயிரத்துல முடியுற வேலை. அதுக்கப்புறம் ஒரு மாசம் வாசிங்க. அப்பவும் குறை இருந்தா, அதை ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுத முடியலைன்னா, உங்களுக்குத் தேவை புது பேஸ் இல்லை, புதுசா ஏதாவது வாங்கணும்ங்கிற ஆசை மட்டும்தான்.

பழசு செய்யாததைப் புதுசு செய்யணும்

முதல் பேஸையே கொஞ்சம் விலை கூட்டி வாங்கறதுதான் இதுல நடக்கிற பெரிய தப்பு. உங்க கிட்ட இருக்கிறது பிரசிஷன் மாடலா? அதுல ஒரே ஒரு ஸ்ப்ளிட் பிக்கப். கனமான, நேரான சத்தம். அப்போ ஜாஸ் பேஸ் மாடல் யோசிக்கலாம். ரெண்டு பிக்கப், ரெண்டுக்கும் தனித்தனி வால்யூம். நட் பக்கம் நெக் அகலம் சுமார் 1.5 அங்குலம்தான், அதனால சின்னக் கைக்கு வசதி.

5 ஸ்ட்ரிங் வேணுமா? 4 ஸ்ட்ரிங்ல கடைசி இ சுமார் 41 ஹெர்ட்ஸ். 5 ஸ்ட்ரிங்ல பி சுமார் 31 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தத்தை வெளிய கொண்டுவர உங்க சின்ன ஆம்ப் போதுமான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா 60,000 செலவு 80,000 ஆயிடும். ஸ்ட்ரிங் செட்டும் விலை கூட.

யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 304 மாதிரி ஆக்டிவ் பேஸ்னா உள்ள பேட்டரி இருக்கும். கேபிளைச் சொருகியே வச்சா, வாசிக்காம இருக்கும்போதும் பேட்டரி தீரும்.

கடையில உட்கார்ந்து மட்டும் வாசிக்காதீங்க. ஸ்ட்ராப் மாட்டி இருபது நிமிஷம் நின்னு வாசிங்க. பல பேஸ் நாலு கிலோவுக்கு மேல. தோள்பட்டை உண்மையைச் சொல்லிடும்.

இப்போ காசுக் கணக்கு

60,000 ரூபாய், 12 மாசம், மாசம் 5,000. கார்டோட வட்டி 16%னு வச்சுக்குவோம். நோ காஸ்ட்னு சொன்னாலும் உள்ள வட்டி இருக்கு. சுமார் 4,900 ரூபாய் வட்டியை முன்னாடியே விலைத் தள்ளுபடியா காட்டிடுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 880 ரூபாய், உங்க கையிலிருந்து போகும். பிராசஸிங் ஃபீ தனி. மொத்தமா ரொக்கம் கொடுத்தா கடைக்காரர் குறைக்கிற விலையும் போச்சு.

இதையே திருப்பிப் போடுங்க. மாசம் 5,000 ஆர்.டி. 6.5% வட்டினா, வருஷக் கடைசியில 60,000 கூட சுமார் 2,100 சேர்ந்து வரும். ஒரு நல்ல கிக் பேக் காசு!

ஆனா நான் ஆர்.டி. சொல்றது அந்த 2,100க்காக இல்லை. மூணாவது மாசம் வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வருதுன்னு வைங்க. ஆர்.டி.யை உடைச்சா கொஞ்சம் வட்டி குறையும், அவ்வளவுதான். இ.எம்.ஐ.யைத் தவறவிட்டா லேட் ஃபீ, மேல வட்டி, கிரெடிட் ஸ்கோர்லயும் அடி. ரெண்டுலயும் போறது அதே 5,000தான். ஒண்ணுல தப்பிக்க வழி இருக்கு, இன்னொண்ணுல இல்லை.

இன்னும் மூணு மாசச் செலவுக்குக் கூட அவசர நிதி இல்லையா? ஏற்கெனவே போன் இ.எம்.ஐ. ஓடுதா? அப்போ 5,000ஐ 3,000 - 2,000னு பிரிங்க. 3,000 அவசர நிதிக்கு, 2,000 பேஸுக்கு. லேட் ஆகும்தான். ஆனா அந்த பேஸை எந்த மாசமும் விக்க வேண்டி வராது.

செகண்ட் ஹேண்ட் கேவலம் இல்லை

அதே பேஸ் பழசா கிடைச்சா பெரிய தொகை மிச்சம். போகும்போது நாலு விஷயம் பாருங்க: ட்ரஸ் ராட் திரும்புதா, நெக் முறுக்கிக்கிட்டு இருக்கா, ஒவ்வொரு ஃப்ரெட்லயும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் சுத்தமா கேக்குதா, வால்யூமைத் திருப்பும்போது கரகரன்னு சத்தம் வருதா. கரகரப்பு சின்ன வேலை. ட்ரஸ் ராட் இறுகிப் போயிருந்தா, விலை எவ்வளவு குறைச்சாலும் கிளம்பி வந்துடுங்க.

கடைசியா ஒரு கணக்கு

வாரம் 4 மணி நேரம் வாசிச்சா மூணு வருஷத்துல 624 மணி நேரம். 60,000 ரூபாய் பேஸ் மணிக்கு 96 ரூபாய்தான். வாரம் ஒரு மணி நேரம்னா மணிக்கு 385 ரூபாய். அதனால ஆர்.டி. ஓடுற அந்த வருஷம் முழுக்க, பழைய பேஸ்ல எத்தனை மணி நேரம் வாசிக்கிறீங்கன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க. பணம் சேரும்போது பதிலும் சேர்ந்திருக்கும். காலண்டர் நிறைஞ்சிருந்தா, கடைக்குப் போய் யோசிக்காம வாங்குங்க. யார் கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம், என் கிட்டயும்தான்.

ஆர்.டி. போட்டு நீங்க வாங்கின பொருள் என்னன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!