கடல் வந்துபோகும் வழி

மந்தைவெளியிலிருந்து அடையாறு போகும் பேருந்து திரு.வி.க. பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கிழக்கே திரும்பிப் பாருங்கள். காலையில் நீர்ப்பரப்பாகத் தெரிந்த இடம் பிற்பகலில் சேற்றுத் திட்டாகக் கிடக்கும். கடல் நாளுக்கு இருமுறை ஆற்றுக்குள் ஏறி, இருமுறை வடிகிறது. சென்னைக் கரையில் இந்த ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். ஆனால் அடையாற்றின் முகத்துவாரமும், பட்டினப்பாக்கத்துக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் கழியும், அவற்றின் சேற்றில் வாழும் அத்தனை உயிர்களும் அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தச் சேற்றைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்பவர்களே அதிகம். நாற்றத்துக்குச் சாக்கடை ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல. மேற்பரப்பிலிருந்து சற்றுக் கீழே போனாலே சேற்றில் ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு மட்கிய பொருட்களைச் சிதைக்கின்றன. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டையின் வாடையைத் தருகிறது. அதுவே இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. இந்த பாக்டீரியாக்கள் செழிக்கும் இடத்தில், மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இரை போதாமல் போகிறது. ஆகவே உவர்நீர் ஏறி இறங்கும் சதுப்பு, கரிமத்தைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது, மீத்தேனையும் குறைவாகவே வெளியிடுகிறது. கடல் வரும் வழியை அடைத்துவிட்டுச் சாக்கடையை மட்டும் தேங்கவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். காற்றில் கலக்கும் மீத்தேன் கூடும், நீரில் ஆக்ஸிஜன் தீரும், மீன்கள் செத்து மிதக்கும்.

சேற்றின் மேல்தோலில் புழுக்களும் நத்தைகளும் சின்னஞ்சிறு நண்டுகளும் நிறைந்திருக்கின்றன. ஆர்க்டிக் பகுதியிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் செப்டம்பர் வாக்கில் வந்து சேரும் உள்ளான்களுக்கு இதுதான் சாப்பாடு. குட்டை அலகு கொண்டவை மேலாகக் கொத்தும். நீண்ட அலகு கொண்டவை ஆழத்தில் துழாவும். நெட்டைக் கால் கொண்ட பவழக்கால் உள்ளான் முழங்கால் நீரில் நின்று பொறுக்கும். ஒரே இடத்தில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையில்லாமல் மேயக் காரணம் அந்த அலகு அளவுகள்தான். நீர் வடிந்து சேறு வெளிப்படும் சில மணி நேரம்தான் அவற்றுக்கு வாய்ப்பு. சதுப்பு மீட்பு என்றதும் கண்டல் நாற்றுகளைக் கொண்டுவந்து கண்ட இடமெல்லாம் நடும் ஆர்வம் நம்மிடம் பெருகியிருக்கிறது. கண்டல் அருமையான மரம், அதன் வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகள் வளரும். ஆனால் வெறும் சேறாக இருக்கும் பரப்பும் வேண்டும். பச்சையாக இல்லாததால் அது பாழ்நிலம் என்று நினைப்பது தவறு.

இனி முகத்துவாரத்துக்கு வருவோம். சென்னைக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870களில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கிய பிறகு அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினா இவ்வளவு அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் அப்படித்தான். நகரும் மணல் அடையாற்று வாயிலும் படிகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதைத் தள்ளிவிடும். கோடையில் ஆற்றில் தள்ளுவதற்கு நீர் ஏது? மணல் திட்டு வளர்ந்து வாயை ஏறக்குறைய மூடிவிடுகிறது. ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் இருக்கும் மீனவர்கள் ஆண்டுதோறும் கண்முன் காண்பது இது. முகத்துவாரம் அடைந்தால் கடலிலிருந்து மீனும் இறாலும் உள்ளே வராது, உள்ளிருக்கும் கழிவுநீர் வெளியே போகாது. பொக்லைன் வைத்து அரசு அவ்வப்போது மணலை வாருகிறது. சில வாரங்களில் கடல் மறுபடி கொண்டுவந்து போடுகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு சொன்னது. வழியிலுள்ள ஏரிகளின் உபரிநீரும் அதோடு சேர்ந்து, கடைசியில் இந்த ஒரே வாய் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டியிருந்தது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே, மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில், கழியின் மேல்பகுதி ஒன்று குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டித் தூர்ந்துகொண்டிருந்தது. 1990களில் அதன் மேல் கட்டுமானங்கள் வரக்கூடாது என்று குடிமக்கள் அமைப்பொன்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. அம்பேத்கர் மணிமண்டபம் எழுந்த பகுதி போக எஞ்சிய இடம் தப்பியது. அதில் 58 ஏக்கரைத் தோண்டிச் சுத்தம் செய்து, ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிகுளம் குழுவினரின் வழிகாட்டுதலில் நீரோடைகளும் இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளுமாக மீட்டெடுத்து, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். இந்தியப் பெருநகரம் ஒன்று தன் நடுவில் குப்பைமேட்டைக் கிளறிச் சதுப்பாக மாற்றியது சாதாரணக் காரியமில்லை. அதைச் செய்தவர்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் பூங்காவின் நீருக்கு உயிர் கொடுப்பது அதன் சுற்றுச்சுவர் அல்ல. சாலைக்கு அடியில் போகும் மதகுக் குழாய்கள் வழியாக வரவேண்டிய கடல்நீர்தான். குழாய் குறுகினாலும் முகத்துவாரம் மூடினாலும் உள்ளே எத்தனை மரம் நட்டும் பயனில்லை.

சுவர் கட்டிக் காப்பாற்றும் முறைக்கு நம் ஊரில் நல்ல உதாரணம் கிண்டி. வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. ஐ.ஐ.டி.யும் நினைவிடங்களும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதில்தான் இன்று வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. காட்டை வேலியால் ஓரளவு காக்கலாம் என்பதற்கு அது சான்று. நீரை அப்படிக் காக்க முடியாது.

தியாகராய நகருக்கு வேலியும் வாய்க்கவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்லாக வளைந்து கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920களில் நகரத் திட்டமிட்டவர்கள் அதைத் தூர்த்து மனைகளாக்கினார்கள். இன்று பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் துணி எடுக்க வருகிறவர்கள் அந்த ஏரியையும் அதன் கரையையும் ஒட்டித்தான் நடக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று பெயர்ப்பலகைகள் மட்டும் மிச்சம். மாம்பலத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்கு மாநகராட்சியைத் திட்டுகிறோம். திட்டலாம். ஆனால் தண்ணீர் தேடி வருவது தன் பழைய பள்ளத்தைத்தான்.

இப்போது கடல் தாண்டிப் போவோம். துபாய்க்கு வேலைக்குப் போன நம்மவர்கள் பலருக்கு ராஸ் அல் கோர் தெரிந்திருக்கும். துபாய்க் கழி முடியும் இடத்தில், வானளாவிய கட்டடங்கள் பின்னணியில் நிற்க, பூநாரைகள் கூட்டமாக மேயும் 6 சதுர கிலோமீட்டர் சதுப்பு அது. 2007இல் அமீரகத்தின் முதல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் கீழ் தரப்படும் பெயர் அது. அடையாறைப் போலவே நகரத்துக்கு நடுவே, கழி ஓரமாக. நிலத்துக்குத் தங்கத்தின் விலை சொல்லும் ஊரில் அதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால், ‘நகரம் வளரும்போது இதெல்லாம் போகத்தான் செய்யும்’ என்ற பேச்சை நாம் இனிக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆனால் ராம்சார் பெயர் மட்டும் போதாது என்பதையும் அரபு நாடுகளே காட்டியிருக்கின்றன. ஜோர்தானின் கிழக்குப் பாலைவனத்தில் அஸ்ரக் என்றொரு பாலைச்சோலை. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பறக்கும் லட்சக்கணக்கான பறவைகள் இறங்கி இளைப்பாறிய இடம். 1977லேயே ராம்சார் தலம், மறு ஆண்டே சரணாலயம். சரணாலயத்தின் எல்லைக்குள் யாரும் கை வைக்கவில்லை. தலைநகர் அம்மானுக்குக் குடிநீராகவும் சுற்றிலும் பாசனத்துக்காகவும் நிலத்தடி நீரை மட்டும் உறிஞ்சினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஊற்றுகள் வற்றின, சதுப்பு வெடித்துக் காய்ந்தது. பிறகு ஜோர்தானின் இயற்கைப் பாதுகாப்புக் கழகம் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து விட்டு, பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கையாவது உயிர்ப்பிக்கப் பாடுபட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத அஸ்ரக்கின் சிறு மீன் இனம் அழியாமல் தப்பியது அந்த உழைப்பால்தான்.

தெற்கு ஈராக்கின் சதுப்புகளில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1990களில் சதாம் உசேன் ஆட்சி அங்கே வாழ்ந்த மக்களை ஒடுக்குவதற்காகக் கரைகளும் கால்வாய்களும் வெட்டி நீரைத் திருப்பியது. பெரும்பகுதி உப்புப் பூத்த கட்டாந்தரையானது. 2003இல் ஆட்சி கவிழ்ந்ததும் ஊர்மக்களே கரைகளை உடைத்தார்கள். நீர் திரும்பியது, நாணல் முளைத்தது, மீனும் பறவையும் எருமை மேய்ப்பவர்களும் திரும்பினார்கள். 2016இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. இப்போது ஆற்றின் மேற்பகுதியில் கட்டிய அணைகளாலும் வறட்சியாலும் மறுபடி வற்றுகிறது. எல்லைக்குள் எத்தனை காவல் போட்டாலும், நீர் எங்கோ தொலைவில் நிறுத்தப்பட்டால் சதுப்பு சாகிறது. நீர் திரும்பி வந்தால் எழுந்துகொள்கிறது.

பள்ளிக்கரணையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் அந்தச் சதுப்பில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமானது. இன்று தமிழகத்தில் 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கரணைக்கு நீர் தருவது தென்சென்னையின் ஏரிச் சங்கிலி. அங்கிருந்து நீர் வெளியேறுவது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு, பிறகு கோவளம் கழிக்கு. இந்த வரத்துக் கால்வாய்களில் பெரும்பாலானவை ராம்சார் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை, மறுபக்கம் மாடிக் குடியிருப்புகள். அஸ்ரக்கில் நடந்தது இங்கே நடக்க நிலத்தடி நீரைக்கூட உறிஞ்ச வேண்டாம், நான்கு கால்வாய்கள் தூர்ந்தால் போதும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்குமென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டின் ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் கட்டியவை அல்லவா? வேடந்தாங்கல்கூட ஒரு பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்து அதைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் அந்த ஊர் உழவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் வேட்டைக்குத் தடை கேட்டு உரிமை வாங்கியவர்களும் அவர்களே. அந்த ஏரி வனவிலங்குச் சட்டத்தால் தப்பித்தது. சரணாலயம் ஆகாத ஏரிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. பாசன ஏரிகளையும் அவற்றின் வரத்துக் கால்வாய்களையும் விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று மாநில அரசு உறுதியாகக் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் தெருவின் மழைநீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, அது அடையாற்றுக்குப் போகிறதா பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறதா, வழியிலுள்ள மதகுகளைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடக்கும் வார்டு கூட்டத்தில் அந்தக் கேள்வியை எழுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.