கழிக்கக் கழிக்கத் திரும்பி வரும் எண்

எங்கே தொடங்கினாலும் ஒரே விடையில் போய் முடிகிற கணக்கு ஒன்று உண்டு, தெரியுமா?

நான்கு இலக்க எண் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் வேண்டாம். அதே இலக்கங்களை மாற்றியடுக்கி, கிடைக்கிற மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். வரும் விடையையும் அப்படியே செய்யுங்கள். ஓர் இலக்கம் குறைந்தால் முன்னால் பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம்.

அதிகம் போனால் ஏழே தடவை. 6174 வந்துவிடும்!

அதற்கு மேல் நகராது. 7641-இல் 1467 போனால் மறுபடியும் 6174தானே?

1949-இல் இதைக் கண்டறிந்தவர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். வெறும் விளையாட்டு என்று உள்ளூரில் பலர் சிரித்தார்களாம். 1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பத்தியில் அவரைப் பற்றி எழுதினார். கப்ரேகரின் பெயர் உலகெங்கும் பரவியது.