விஷமா? முக்கோணம் சொல்லும்!

மரக்காணம் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து பலர் பரிதாபமாக இறந்தார்கள். உள்ளே இருந்தது என்னவென்று தெரியாமல் குடித்த வினை! பூச்சிமருந்து டப்பாவோ தன் குணத்தைத் தானே சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

சிவப்பு முக்கோணம் என்றால் கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சைதானே என்று கையால் கலக்காதீங்க! 'ஈ.சி.' என்று போட்டிருந்தால் எண்ணெய்க் கரைசல். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும். தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். உப்பளத்தில் கால் வெடித்தவர்கள் தர்ப்பூசணி வயலில் வெறுங்காலோடு மருந்தடித்தால் கேட்கவே வேண்டாம்.

வாந்தி, மயக்கம் வந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. டப்பாவையும் கொண்டுபோங்க. எந்த விஷம் என்று டாக்டருக்கு அதைப் பார்த்தால்தான் சட்டென்று தெரியும்.